காளியம்மா குடித்த உப்புக்கஞ்சி

மாரியம்மனுக்கு உப்பில்லா விரதமிருந்து காப்புக் கட்டிக்கொண்ட ஒரு பெண், திருவிழா நெருங்கி வருகிற நேரத்தில், லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் அத்தனை பேரும் வாயைப் பிளந்து நிற்க, அரைக் குவளை உப்புக்கஞ்சியை மடக்கு மடக்கென்று குடித்தாள் என்றால் யாராவது நம்புவார்களா? ஏழாங்கட்டைத் தோட்டத்தில் அது நடந்தது. ஜொகூர்ப் பக்கம் லாயாங் லாயாங் ரயில் நிலையத்தில் இறங்கி, செம்மண் பாதையில் மாட்டுவண்டி பிடித்துப் போனால் வருகிற ரப்பர்த் தோட்டம் அது. குடித்தவள் சாமி நம்பிக்கை இல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்த காளியம்மா, அம்மன் பேரைச் சொல்லாமல் ஒரு சொட்டு மருந்து ஊற்றமாட்டாள். அவள் ஏன் குடித்தாள் என்பதுதான் கதை.

சின்னப் பிள்ளையாக அப்பன் ஆத்தாளோடு கப்பலேறி வந்தவள் காளியம்மா. இரண்டு பேரையும் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. புல்வெட்டி, ரப்பர்க் கொட்டை பொறுக்கி, லயத்திலேயே வளர்ந்தாள். முதல் பெரிய போர் முடிந்த சமயத்தில் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் பரவி, ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் தரையிலும் ஆட்கள் கிடந்தார்கள் அல்லவா, அப்போது தண்ணீர் தூக்கிக் கொடுக்க ஆள் இல்லை என்று டிரெசர் ஐயாசாமி இவளைக் கூப்பிட்டார். போனவள் திரும்பி வரவேயில்லை. அங்கேயே நின்றுவிட்டாள்.

டிரெசர் என்றால் அந்தத் தோட்டத்துக்கு டாக்டர் மாதிரி. காயம் கட்டுவது, மருந்து கலக்குவது எல்லாம் அவர்தான். பெரிய டாக்டர் எப்போதாவது ஒரு தடவை ரயிலில் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஐயாசாமி பொறுமையான மனுஷர். காளியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவுன்சு கிளாஸில் கோடு பார்த்து ஊற்ற, நாடி பிடிக்க, சீசாவை நிறத்தாலும் வாசனையாலும் அடையாளம் காண அவர் பழக்கிவிட்டார். கொய்னா என்கிற கசப்புக் காய்ச்சல் மருந்தை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து வெளியே போய்த் துப்புகிற எமகாதகர்களைப் பிடிக்க அவளே ஒரு வழி வைத்திருந்தாள். மருந்தை ஊற்றிய கையோடு, "எங்க, மாரியாத்தான்னு சத்தமா சொல்லு பாப்போம்!" என்பாள். வாயில் கொய்னாவை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. விழுங்கியே ஆகவேண்டும்.

அவள் புருஷன் வீரமுத்து ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவன். ஆள் ஒல்லி, வாய் மட்டும் ஓயாது. கங்காணி நடப்பது போல நடந்து காட்டி, ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் காலை இருட்டிலேயே எல்லாரையும் சிரிக்கவைப்பான். பிள்ளை குட்டி இல்லை. இவளுக்கு அவன், அவனுக்கு இவள். அந்த வீரமுத்துவுக்குத்தான் ஒருநாள் ரப்பர்க் காட்டில் வலிப்பு வந்தது.

ஆள் ஓடிவந்து சொன்னதும் காளியம்மா போட்டது போட்டபடி ஓடினாள். மரத்தடியில் வீரமுத்து கைகால் வெட்டி வெட்டி இழுக்கக் கிடக்கிறான், வாயில் நுரை. சுற்றி நின்ற புண்ணியவான்கள் என்ன செய்திருந்தார்கள் தெரியுமா? இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று, சாவிக்கொத்து கிடைக்காமல், அவன் பால்வெட்டுகிற கத்தியையே எடுத்து அவன் கையில் திணித்திருந்தார்கள்! விரல்கள் இறுக இறுகக் கத்தி உள்ளங்கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கவிழ்ந்த வாளியின் ரப்பர்ப்பாலில் ரத்தம் கலந்து ஓடியது.

"அடப்பாவிங்களா! கத்தியையா குடுத்தீங்க? ஒங்க கையில குடுத்தா புடிச்சுக்குவீங்களா?" என்று கத்திக்கொண்டே அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கத்தியைத் தூர எறிந்தாள். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நுரை தொண்டைக்குள் போகாமல் முந்தானையால் துடைத்தாள். வலிப்பு தானாக ஓய்ந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"போன வருஷம் குளிர்காய்ச்சல் தலைக்கு ஏறி நெனவில்லாம கெடந்தான்ல, அதோட மிச்சம் இது" என்றார் ஐயாசாமி. "காக்காய் வலிப்பு. மருந்து இருக்கு. ஆனா திரும்பத் திரும்ப வந்துச்சுன்னா தோட்டத்துத் தொரை இவன வெச்சுக்க மாட்டாரு. வேலைக்கு ஆவாதுன்னு ஊருக்குக் கப்பல்ல ஏத்திடுவாரு."

கப்பல்! காளியம்மா பதறிப்போனாள். ஊரில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? நடுக்கடலில் வலிப்பு வந்தால் எவன் ஒருக்களித்துப் படுக்கவைப்பான்? இதே மாதிரி எவனாவது கையில் கத்தியைத்தான் கொடுப்பான். இனி ஒரு வலிப்பு வரக்கூடாது, வரவே கூடாது. அவளுக்கு உலகத்தில் வேறு கவலை இல்லாமல் போனது.

ஐயாசாமி கலக்கிக் கொடுத்தது பொட்டாசியம் புரோமைடு. வலிப்புக்கு அந்தக் காலத்தில் எங்கேயும் அதுதான் மருந்து. நிறமில்லாத தண்ணீர், நாக்கில் வைத்தால் உப்புக்கரிக்கும். சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீர் சேர்த்து, மூன்று வேளையும் கொடுக்கவேண்டும். காளியம்மா தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தாள்.

மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், ஆத்தாளையும் விடக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் போய் விழுந்து, மஞ்சள் காப்புக் கட்டி நேர்ந்துகொண்டாள். திருவிழாவரைக்கும் அவர்கள் வீட்டு அடுப்பில் உப்பு விழாது. புருஷனும் பெண்சாதியும் உப்பில்லா விரதம். திருவிழா அன்றைக்கு அவள் தீச்சட்டி எடுப்பாள். தீராத நோய்க்கு நம் ஜனங்கள் நேர்ந்துகொள்கிற விரதம்தான் இது, புதிதாக ஒன்றுமில்லை. ஒரு சந்தேகம் மட்டும் அவளுக்கு இருந்தது. அதையும் பூசாரியிடம் கேட்டுவிட்டாள்.

"சாமி, அவரு குடிக்கிற மருந்து உப்புக்கரிக்குது. வெரதம் கெட்டுப்போயிடாதா?"

"மருந்துக்குத் தோஷம் கெடையாது தாயி. தாராளமா குடு" என்றார் பூசாரி.

தாராளமாகவே கொடுத்தாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், வலிப்பு நின்றேபோனது! சுத்தமாக நின்றது. ஐயாசாமியே அசந்துபோனார். இந்த மருந்து இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு நன்றாகக் கேட்டு அவர் பார்த்ததில்லை. காளியம்மா லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "மருந்து பாதி, ஆத்தா பாதி!" என்று பக்கத்து வீட்டு ராசம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். ராசம்மாவும் அவளும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்து, ஒரே அம்மியில் அரைத்தவர்கள். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு பேருமே அழுதார்கள்.

உப்பில்லாத சோற்றைத் தின்று தின்று வீரமுத்துவுக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. மருந்து வேளை வந்தால் சின்னப்பிள்ளை மிட்டாய்க்கு வருவது போல வந்து உட்கார்ந்துவிடுவான்.

"இதுல மட்டும்தான் புள்ள உப்பு ருசி இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்தேன்."

"மருந்து என்ன மோரா, கேட்டு வாங்கிக் குடிக்க?" என்று சிரிப்பாள். ஆனால் மனசு கேட்காது. கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு விழுந்தால் விழட்டும் என்று ஊற்றுவாள். அவன் கிளாஸின் விளிம்பைக்கூட நக்கிவிட்டுத்தான் தருவான்.

பிறகுதான் ஆரம்பித்தது. முதலில் அவன் வாய் ஓய்ந்தது. கங்காணி மாதிரி நடந்து காட்டுகிறவன், பிரட்டுக்களத்தில் நின்றபடியே தூங்கி வழிந்தான். நாக்கு தடித்தது போலப் பேச்சு குழறியது. கத்தி பட்டையைத் தாண்டி மரத்தைக் கீறியது. நடை தள்ளாடியது. "வெரதக்காரன் கள்ளுக்கடைப் பக்கம் போய்ட்டு வந்தியா?" என்று கேலி செய்தார்கள். முகத்திலும் முதுகிலும் பருப் பருவாகக் கிளம்பியது. காளியம்மா ஐயாசாமியிடம் காட்டினாள்.

"பரு இந்த மருந்துக்கு வர்றதுதான், பயப்படாத" என்றார் அவர். தூக்கமும் தள்ளாட்டமும் அவருக்கும் பிடிபடவில்லை. "வலிப்பு வெளிய வராம உள்ளுக்குள்ளயே இருக்கோ என்னமோ. மருந்து அளவைக் கொஞ்சம் கூட்டிப் பாப்போம்" என்றார். அவர் சொன்ன அளவுக்குக் காளியம்மா கூட்டினாள்.

வீரமுத்து இன்னும் மோசமானான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். நாள், கிழமை மறந்தது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று இல்லாத எறும்பைத் தட்டினான். அப்புறம் ஒரு பகல் வேளையில், ராசம்மா உட்பட லயத்து ஆட்கள் நாலைந்து பேர் பார்க்க வந்து நிற்கும்போது, காளியம்மா சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டான். சோறு தரையெல்லாம் சிதறியது.

"இவ எனக்கு வெஷம் வெக்கிறா" என்றான்.

வந்திருந்தவர்கள் காளியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னங்க பேசறீங்க? நானா?"

"நீதான். ஒன் கையாலதான். நான் செத்துக்கிட்டு இருக்கேன், ஒருத்தருக்கும் தெரியல. ராசம்மா, நீயாவது தொரைகிட்ட சொல்லு. இவ எனக்கு வெஷம் வெக்கிறா."

காளியம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சல்காரர்களின் மலம் அள்ளியபோதுகூடக் கலங்காத பெண். கட்டின புருஷன், ஊரார் முன்னால், இப்படி ஒரு சொல் சொன்னால் எவளுக்குத்தான் தாங்கும்? ஆவேசம் வந்தவள் போல எழுந்து, அதே தட்டிலிருந்து ஒரு வாய்ச் சோற்றை அள்ளித் தின்றாள். "ரெண்டு பேரும் ஒரே சட்டிச் சோறுதான திங்கிறோம்? எனக்கு என்ன ஆச்சு, சொல்லுங்க!" அதோடு விடவில்லை. மருந்தையும் எடுத்து எல்லாரும் பார்க்க ஒரு வாய் குடித்துக் காட்டினாள். "இந்தாங்க, குடிச்சிட்டேன். செத்தா போனேன்?"

அவன் அவளை உற்றுப் பார்த்தான். "ஒனக்கு ஒண்ணும் ஆவாது. எனக்குத்தான் ஆவும்" என்றான்.

"ஐயோ, புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று ராசம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். பைத்தியம் என்று லயமே முடிவு கட்டியது. காளியம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். அவள் வேறு என்ன நினைப்பாள்? சோறு நல்ல சோறு, மருந்து நல்ல மருந்து, இரண்டையும் தின்று காட்டியாயிற்று.

சேதி துரையிடம் போனது. கப்பல் பேச்சுகூடப் போய்விட்டது, அதைவிட மோசமாக வந்தது உத்தரவு. பெரிய டாக்டர் வந்து பார்த்ததும், ஆளை ஜொகூர் பாருவுக்கு அனுப்பிப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் போட்டுவிடவேண்டியது. அங்கே உள்ளே போனவர்கள் திரும்பி வந்து லயத்து ஜனங்கள் பார்த்ததில்லை. காளியம்மா கையில் மஞ்சள் காப்போடு கோயிலில் போய்க் கிடந்தாள். "ஆத்தா, அவரை எங்கிட்டேருந்து பிரிச்சிடாத. வெரதத்துல ஒரு கொறையும் வெக்கலயே நான்!" என்று அழுதாள். உண்மைதான், ஒரு குறையும் வைக்கவில்லை அவள்.

பெரிய டாக்டர் காலை ரயிலில் வந்தார். நெட்டையான வெள்ளைக்காரர், பேச்சு குறைவு. அவர் கேட்பதை ஐயாசாமிதான் தமிழில் சொல்வார். வீரமுத்து கண்ணை மூடிக் கிடந்தான். உமிழ்நீர் விழுங்குவதற்கே அவனுக்குச் சிரமமாக இருந்தது. டாக்டர் அவன் இமையைத் தூக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், முகத்துப் பருவை விரலால் தடவினார். மருந்து எவ்வளவு என்று கேட்டார். ஐயாசாமி சொன்னார். டாக்டர் யோசித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

"என்ன சாப்பிடறான்னு கேக்குறாரு" என்றார் ஐயாசாமி.

காளியம்மா கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். "வெரதச் சாப்பாடு ஐயா. நேந்துக்கிட்ட நாள்லேருந்து அவரு நாக்குல ஒரு கல்லு உப்பு பட்டதில்ல. நானே ஆக்குறேன்."

ஐயாசாமி அதை இங்கிலீஷில் சொன்னாரோ இல்லையோ, டாக்டர் விருட்டென்று நிமிர்ந்தார். கடகடவென்று என்னமோ சொன்னார். சொல்லச் சொல்ல ஐயாசாமியின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. அவர் காளியம்மா பக்கம் திரும்பியபோது பேய் அறைந்தவர் மாதிரி இருந்தார்.

"என்னங்க ஐயா? என்ன சொல்றாரு?"

"காளியம்மா..." என்றார் ஐயாசாமி. "ஒடம்புக்கு உப்பு எது, இந்த மருந்து எதுன்னு வித்தியாசம் தெரியாதாம். சோத்துல உப்பு சேந்தாத்தான் பழைய மருந்து மூத்திரத்துல வெளிய போவுமாம். உப்பே வரலன்னா ஒடம்பு இந்த மருந்தையே உப்புன்னு நெனச்சுப் புடிச்சு வெச்சுக்குமாம். நாம ஊத்த ஊத்த உள்ளயே ரொம்பிக்கிட்டு இருந்திருக்கு. வலிப்பு அவ்வளவு சீக்கிரம் நின்னதும் அதாலதான். இப்ப இந்த மயக்கம், ஒளறல், தள்ளாட்டம் எல்லாமும் அதாலதான். இது பைத்தியம் இல்ல. மருந்து வெஷமாயிடுச்சு."

காளியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. சோறு இவள் கை. மருந்து இவள் கை. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் விஷம். அவள் சோற்றை மட்டும் தின்றாள், மருந்தை ஒரே ஒரு வாய் குடித்தாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் மூன்று வேளையும் இரண்டையும் வாங்கிக்கொண்டான். போதாததற்குக் கோட்டுக்கு மேல் வேறு!

"அப்ப அவரு சொன்னது?" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "எனக்கு வெஷம் வெக்கிறான்னு சொன்னாரே..."

அளவைக் கூட்டச் சொன்னவர் ஐயாசாமி. அவர் கட்டிலருகே இருந்த மருந்து சீசாவை எடுத்துத் தூர வைத்தார்.

நெஞ்சில் ஓங்கி உதைத்தது போலிருந்தது காளியம்மாவுக்கு. இத்தனை ஜனத்தில் புத்தி தெளிவாகப் பேசியவன் அந்தப் பைத்தியக்காரன் ஒருத்தன்தான்! சாகிறேன் என்றான், நம்பவில்லை. உன் கையால்தான் என்றான், நம்பவில்லை. தின்று காட்டி, குடித்துக் காட்டி, அவன் வாயை அடைத்துவிட்டாளே!

டாக்டர் ஜொகூர் பாரு பேச்சை விட்டுவிட்டார். மருந்து இந்த நிமிஷத்தோடு நிறுத்தம். உப்பு உள்ளே போகவேண்டும், கஞ்சியாக, தண்ணீராக, எப்படியாவது. "விழுங்குற சக்தி கொறஞ்சுக்கிட்டே வருது. அது இருக்கும்போதே, இன்னிக்கே குடுத்தாகணுமாம். நின்னுபோச்சுன்னா ஆள் தேறுறது கஷ்டம்ங்கிறாரு" என்றார் ஐயாசாமி.

கஞ்சி வந்தது. ஐயாசாமி தன் கையாலேயே உப்பைப் போட்டுக் கலக்கினார். சேதி அதற்குள் லயத்துக்குப் போய், ஜனங்கள் ஆஸ்பத்திரி வாசலில் கூடிவிட்டார்கள். ராசம்மா முன்னால் வந்து வழியை மறித்தாள்.

"காளி, வேணாம்டி! ஆத்தாளுக்கு நேந்த வெரதம்! திருவிழா நெருங்கிடுச்சு. உப்பக் குடுத்தன்னா ஒன் குடும்பம் மட்டும் இல்ல, லயத்துக்கே அம்மை வந்துடும்டி!"

"தள்ளு ராசம்மா" என்றாள் காளியம்மா.

ஆனால் வீரமுத்து வாயைத் திறக்கவில்லை. ஐயாசாமி கொடுத்துப் பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டான். மூக்கைப் பிடித்து ஊற்றலாம் என்றார் யாரோ. தொண்டையில் அடைத்துக்கொண்டால் அதோடு முடிந்தது என்று டாக்டர் கையை ஆட்டினார். காளியம்மா குவளையை வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்ததும் சுவர்ப் பக்கமாக நகரப் பார்த்தான். அந்தப் பயத்தைப் பார்ப்பதைவிடச் சாவு மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

"நீங்க சொன்னது நெசம்ங்க" என்றாள். "நான்தான் வெஷம் வெச்சேன். தெரியாம வெச்சேன். இது வெஷம் இல்ல. இது உப்பு. இதக் குடிச்சாத்தான் அது போவும்."

அவன் உதடு அசைந்தது. மெல்லக் குழறினான். "நீ குடி. மொதல்ல நீ குடி."

அவள் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. உப்பு தொடமாட்டேன் என்று ஆத்தாள் முன்னால் சத்தியம் செய்து கட்டினது. அவள் அந்தக் காப்பை ஒரு தடவை பார்த்தாள். "ஆத்தா, கோவம்னா எம்மேல வா. இந்த ஆள விட்டுடு" என்று சத்தமாகவே சொன்னாள். குவளையைத் தூக்கினாள். மடக்கு மடக்கென்று பாதிக் கஞ்சியைக் குடித்தாள்.

"அடிப்பாவி!" என்று ராசம்மா அலறினாள். யாரோ ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். காளியம்மாவுக்கு எதுவும் காதில் விழவில்லை. இத்தனை நாள் கழித்து நாக்கில் விழுந்த உப்பு சுரீரென்று பிடித்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. முகத்தைத் துடைக்காமல் குவளையை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

அவன் குவளையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான்.

உடம்பில் ஏறின மருந்து ஒரேயடியாக இறங்கிவிடவில்லை. மறுநாளும் உளறினான், அதற்கு மறுநாளும் எறும்பைத் தட்டினான். காளியம்மா உப்புத் தண்ணீரும் கஞ்சியும் கொடுத்துக்கொண்டே இருந்தாள், ஒவ்வொரு வாயும் தான் குடித்துக் காட்டிவிட்டு. திருவிழா வந்தது. தீச்சட்டி எடுக்க அவளை விடவில்லை. கோயில் பந்தலுக்கு வெளியே நின்று கும்பிடு என்று பூசாரி சொல்லிவிட்டார். நின்று கும்பிட்டாள். உடுக்கைச் சத்தம் ஆஸ்பத்திரிவரைக்கும் கேட்டது. அன்றைக்குத்தான் வீரமுத்து, "இன்னிக்குத் திருவிழாவா?" என்று தெளிவாகக் கேட்டான்.

அம்மை வரவில்லை. லயத்தில் ஒரு குழந்தைக்குக்கூட மேல் சுடவில்லை. ராசம்மா கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அப்புறம் ஒருநாள் தானாகவே அம்மிக்கு வந்து, ஒன்றும் நடக்காதது போல மிளகாயை எடுத்துவைத்தாள். டாக்டர் வேறு மருந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். லூமினால் என்று சின்ன வெள்ளை மாத்திரை. ஒரு நாள்கூட விடக்கூடாது, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு ஒன்றின்மேல் ஒன்றாக வந்து ஆளைக் கொன்றுவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீரமுத்துவின் வலிப்பு அதிலும் அடங்கியே இருந்தது. எப்போதாவது ஒன்று எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். பால்வெட்டுக்கு மறுபடி கத்தி தரவில்லை, ரப்பர்ஷீட் உலர்த்துகிற கொட்டகையில் வேலை கொடுத்தார்கள். கப்பல் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

காளியம்மா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளிலும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். வலிப்பு என்று யார் வந்தாலும் அவள் முதலில் கேட்பது, "வீட்டுல உப்புப் போட்டுத்தான சமைக்கிறீங்க?" என்பதுதான். உப்பாயா என்றே பேர் விழுந்துவிட்டது அவளுக்கு. விரதத்தை அவள் பழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனாள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு படி கல்லுப்பை ஆத்தாளின் காலடியில் கொட்டிவிட்டு வருவாள். ஆனால் இந்தக் கதை உண்மையில் முடிந்தது இவற்றுக்கெல்லாம் முன்னால், வீரமுத்து வீடு திரும்பிய அந்த வாரத்தில்.

மத்தியானச் சாப்பாடு. கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, பழகின கையோடு முதல் உருண்டையைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். தேறி வந்த நாளிலிருந்து அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். அவனும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிடுவான். அன்றைக்கு அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவன் உள்ளங்கையில் அந்தக் கத்தித் தழும்பு இருந்தது.

"இனிமே நீ தின்னு காட்ட வேணாம் புள்ள."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் அந்தப் பேச்சை எடுப்பது அதுவே முதல் தடவை. எது எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்க அவளுக்குத் தைரியம் வந்ததில்லை.

"ஏங்க? எம்மேல இன்னும் நம்பிக்க வரலயா?"

"அது இல்ல. அன்னிக்கும்தான தின்னு காட்டுன. மருந்தும்தான குடிச்சுக் காட்டுன. என்ன தெரிஞ்சிச்சு?" என்றான். அவன் குரலில் கோபமில்லை. அதுதான் அவளைக் கொன்றது. "ஒனக்கு ஒண்ணும் ஆவல, எனக்கு ஆச்சு. என் ஒடம்புல என்ன நடக்குதுன்னு நான்தான் சொல்லணும். நான் சொன்னா கேளு. அது போதும்."

காளியம்மா வாய்விட்டு அழுதாள். அவன் தேற்றவில்லை, அழட்டும் என்று விட்டான். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, தட்டிலிருந்து வேறு உருண்டை பிடித்து அவன் வாயில் வைத்தாள். அவன் மென்றான்.

"உப்பு தூக்கலா இருக்கு" என்றான்.

காளியம்மா ருசி பார்க்கவில்லை. எழுந்து போய்க் குழம்பில் ஒரு கை தண்ணீர் ஊற்றினாள்.